எதைப் பற்றி வாதிடுகிறோம்?

வினவும் ஆற்றல் வல்ல நாயன் மனிதனுக்கு அளித்த அருட்கொடைகளுள் ஒன்று. பேசத் தொடங்கிய குழந்தை முதலில் பொருள்களின் பெயரைக் கேட்கிறது. சில திங்களில் காரணத்தைக் கேட்கிறது. நம்மிடம் ஓத வரும் சிறுவர்கள் பாடத்தில் வினவுவதைக் காட்டிலும் பாடத்துக்கு வெளியே வினவுவதே மிகுதி. வானவில் ஏன் வளைந்திருக்கிறது? கடல் நீர் உப்பாக இருக்க, அதிலிருந்து எழும் மழை நீர் ஏன் இனிக்கிறது? இவற்றைக் கேட்டு நாம் மகிழ்வதன்றிச் சினந்ததில்லை. வினவாத மாணவனுக்குக் கற்பிப்பது, கவிழ்த்து வைத்த குடத்தில் நீர் வார்ப்பதை ஒக்கும்.

நமது மதுரை மாநகர் பேச்சில் விருப்பமுடைய ஊர். அஸர் தொழுகை முடிந்து காஜிமார் தெருவின் தேநீர்க் கடைகளில் சற்று அமர்ந்தால், உலகில் நிகழும் எல்லாவற்றையும் பற்றி அங்கே தீர்ப்பு வழங்கப்படுவதைக் காணலாம். கிரகணம், செவ்வாய்க்கு ஏவிய கலம், புயலின் போக்கு என்று அறிவியல் செய்திகளும் அவற்றுள் அடங்கும். பேசுவோரில் பெரும்பாலோர் அறிவியலை முறையாகப் பயின்றவர்கள் அல்லர். எனினும் பேசுகின்றனர், வாதிடுகின்றனர், சில வேளை கோபித்துக்கொண்டு எழுந்தும் போகின்றனர். இந்த ஆர்வத்தை இகழ்வதற்கில்லை. ஆயினும் வாதத்துக்கென்று ஓர் இலக்கணம் உண்டு. அஃது இல்லாவிடத்து ஆர்வமே பகைக்கு வித்தாகிவிடும் என்பதை நம் பகுதியில் நெடுநாள் நடந்த ஒரு விவாதத்தைக் கொண்டு எடுத்துரைக்க விரும்புகிறோம். அது நியூட்ரினோ பற்றிய விவாதம்.

மதுரைக்கு மேற்கே சுமார் 110 கிலோமீட்டர் தொலைவில், தேனி மாவட்டத்தில், பொட்டிப்புரம் என்னும் சிற்றூர் உள்ளது. அதனையடுத்த மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் ஒன்று அமைக்க இந்திய அறிவியலாளர்கள் திட்டமிட்டனர். ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை. அதன் முடிவில் ஒரு குகைக்கூடம். அதனைச் சூழ எப்பக்கமும் 1 கிலோமீட்டருக்குக் குறையாத பாறை. கூடத்தினுள் 50,000 டன் அளவில் காந்தமேற்றிய இரும்பு அடுக்கு. இதுவே திட்டத்தின் சுருக்கம். முதலில் நீலகிரியின் சிங்காரா என்னும் இடம் கருதப்பட்டது. முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியதாகையால் 2009ஆம் ஆண்டில் அங்கே இசைவு மறுக்கப்பட்டது. அதன் பின்னரே பொட்டிப்புரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய் செலவில் இதற்கு ஒப்புதல் அளித்தது. அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவைப் பெறாமல் பணி தொடங்கலாகாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடுத்து நிறுத்தியது.

அந்நாட்களில் ஒரு மாலை, நாம் மேற்சொன்ன தெருவில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து திராட்சை கொண்டுவரும் முதியவர் ஒருவரும், கல்லூரியில் இயற்பியல் பயிலும் இளைஞர் ஒருவரும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருந்தனர். இருவரும் ராவுத்தர் குடும்பத்தினர். தூரத்து உறவும் உண்டு. பேச்சு நியூட்ரினோவை நோக்கித் திரும்பியது. முதியவர், "மலையில வெடி வெச்சா எங்க கெணத்துத் தண்ணி எந்தப் பக்கம் போகும்?" என்று வினவினார். இளைஞரோ, "நியூட்ரினோவால ஓர் எறும்புக்குக்கூடத் தீங்கு வராது மாமு. இதுகூடத் தெரியாமத்தான் ஊரே கூச்சல் போடுது" என்று விடை பகர்ந்தார். அருகிலிருந்த வேறொருவர், "நியூட்ரான் குண்டு செய்யப் போறாங்கன்னு கேள்விப்பட்டேன்" என்று தம் பங்கையும் சேர்த்தார். சிறிது நேரத்தில் குரல்கள் உயர்ந்தன. முதியவர் தேநீரைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

வாசகர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறோம். முதியவர் கேட்டது கிணற்றைப் பற்றி. இளைஞர் விடை சொன்னது நியூட்ரினோவைப் பற்றி. மூன்றாமவர் பேசியது குண்டைப் பற்றி. மூவரும் ஒரே பொருளைக் குறித்து வாதிடுவதாக எண்ணிக்கொண்டிருந்தனர். உண்மையில் அங்கே வாதமே நிகழவில்லை.

நம் மத்ரஸாக்களில் 'முனாளரா' என்றொரு கலை தொன்றுதொட்டு ஓதப்பட்டு வருகிறது. ஷம்சுத்தீன் சமர்கந்தி என்னும் பேரறிஞர் இக்கலையின் விதிகளைத் தொகுத்துத் தனி நூல் இயற்றினார். வடிவ கணிதத்திலும் நூல் எழுதியவர் அவர். ஆதலால் போலும், வாதத்தையும் அளவுகோல் கொண்டு அளந்தார். பின்னர் சையித் ஷரீஃப் ஜுர்ஜானி இத்துறையில் ஒரு சிறு நூல் எழுத, அதற்கு ஜவுன்பூரைச் சேர்ந்த அப்துர் ரஷீத் என்பார் 17ஆம் நூற்றாண்டில் விரிவுரை வரைந்தார். 'ரஷீதிய்யா' என்னும் அந்த விரிவுரை நம் நாட்டு மத்ரஸாக்களின் பாடத்திட்டத்தில் நெடுங்காலம் இடம்பெற்றிருந்தது.

இக்கலை வாதத்தை மூவகையாகப் பிரிக்கிறது. உண்மை வெளிப்பட வேண்டும் என்னும் நோக்குடன் இருவர் உரையாடுவது முனாளரா. எதிரியை வாயடைக்கச் செய்வதையே நோக்கமாகக் கொண்டது முஜாதலா. உண்மையும் நோக்கமன்றி, எதிரியை வெல்வதும் நோக்கமன்றி, தன் பெருமையைக் காட்டுவதற்காகவே பேசுவது முகாபரா. தேநீர்க் கடைப் பேச்சுகளில் எது எந்த வகை என்பதை வாசகர்களே எளிதில் பிரித்தறிவர்.

வாதம் தொடங்குமுன் செய்யவேண்டிய வேலையொன்று உண்டு. அறபியில் அதனைத் 'தஹ்ரீரு மஹல்லின் நிஸாஉ' என்பர். கருத்து வேறுபாடு எந்த இடத்தில் இருக்கிறது என்பதை வரையறுத்தல் என்பது அதன் பொருள். வரப்புத் தகராறுக்கு வந்த நடுவர், இருவரும் சுட்டுவது ஒரே வரப்பைத்தானா என்று முதலில் நடந்து பார்ப்பது போன்றது இது.

அன்று மஃரிபுக்குப் பின் இருவரையும் பள்ளிவாசல் தாழ்வாரத்தில் அமர்த்தினோம். முதியவர் முதலில் தயங்கினார். "ஹஸ்ரத், படிச்ச புள்ளைக்கிட்ட நான் என்ன பேசுறது?" என்றார். அவர் கேட்ட கேள்வி படித்தவர்களும் கேட்க வேண்டிய கேள்வி என்று சொல்லி இருத்தினோம். பின்னர் ஒரு தாளில் மூன்று வினாக்களை எண்ணிட்டு எழுதினோம்.

முதல் வினா: நியூட்ரினோ தீங்கு செய்யுமா? இஃது அறிவியலுக்குரிய வினா. இதற்குத் தெளிவான விடை உண்டு. விடை சொல்லும் பொறுப்பை இளைஞரிடமே ஒப்படைத்தோம். அவரும் நன்றாகவே விளக்கினார்.

அணுச் சிதைவு ஒன்றில் ஆற்றலின் கணக்கு நேர்ப்படாததைக் கண்டு, கண்ணுக்கும் கருவிக்கும் புலப்படாத ஒரு துகள் அதனை எடுத்துச் செல்கிறதோ என்று 1930இல் பவுலி என்னும் அறிஞர் ஐயுற்றார். அதற்கு வழங்கும் நியூட்ரினோ என்னும் பெயருக்கு, இத்தாலிய மொழியில் மின்னேற்றமில்லாத சின்னஞ்சிறியது என்பது கருத்து. நியூட்ரான் என்பது வேறு. அஃது அணுக்கருவினுள் இருக்கும் கனமான துகள். நியூட்ரினோ உண்டு என்பது சோதனையால் உறுதிப்பட 1956 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒரு வினா 26 ஆண்டுகள் விடைக்காகப் பொறுத்திருந்தது; நாமோ ஒரு குவளைத் தேநீர் ஆறுமுன் தீர்ப்பை எதிர்பார்க்கிறோம்.

கதிரவனிலிருந்து மட்டும் ஒவ்வொரு வினாடியும் நம் உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பையும் சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் கடந்து செல்கின்றன. இரவிலும் இது நிற்பதில்லை. அவை பூமியின் மறுபுறம் நுழைந்து, நிலவுருண்டையைத் துளைத்து, கீழிருந்து மேலாக நம்மைக் கடக்கின்றன. ஆதம் (அலை) அவர்களின் மக்கள் இவ்வுலகில் வாழத் தொடங்கிய நாள் முதல் இப்படித்தான். எதனோடும் ஏறக்குறைய உறவே கொள்ளாமல் செல்வது அதன் இயல்பு. எனவேதான் அதனால் தீங்கு இல்லை; எனவேதான் அதனைப் பிடிப்பதும் அரிது.

அப்படியானால் மலை எதற்கு? விண்ணிலிருந்து வரும் கதிர்கள் காற்றுமண்டலத்தைத் தாக்கும்போது, நியூட்ரினோக்களோடு மியூவான் என்னும் மின்னேற்றமுடைய துகள்களும் உண்டாகின்றன. கையை விரித்து நீட்டினால் வினாடிக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் உள்ளங்கையைக் கடந்துவிடும். சந்தை இரைச்சலில் ஒரு மெல்லிய குரலைக் கேட்க விரும்புபவர் உள்ளறைக்குள் சென்று கதவை அடைத்துக்கொள்வார் அல்லவா? மலைப்பாறை அந்தக் கதவு. வானிலிருந்து வரும் மியூவான்களை அது தடுத்துவிடும். நியூட்ரினோவைத் தடுக்க அதனால் இயலாது. ஆய்வுக்கூடம் நியூட்ரினோவை உண்டாக்குவதற்கன்று. தானே வருவதை எதிர்நோக்கிக் காத்திருப்பதற்கு.

இவ்வகை ஆய்வு நம் நாட்டுக்குப் புதிதுமன்று. கோலார் தங்கவயலில், நிலத்துக்குக் கீழே 2 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில், காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களின் சுவடு 1965இல் காணப்பட்டது. தென்னாப்பிரிக்கச் சுரங்கமொன்றிலும் அதே ஆண்டில் காணப்பட்டது. உலகில் இதனை முதன்முதலாகக் கண்டவை இவ்விரு குழுவினரின் ஆய்வுகளே. அந்தக் கோலார்ச் சுரங்கத்தில் வியர்வை சிந்தியோருள் தமிழ்த் தொழிலாளர் மிகப் பலர்.

இவ்வளவையும் கேட்ட முதியவர் தம் கையை விரித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்பவும் போகுதா?" என்று கேட்டார். இளைஞர் முகத்தில் அப்போதுதான் புன்னகை தோன்றியது.

இரண்டாம் வினா: மலையைக் குடைந்தால் நீரூற்றுக்கும் காட்டுக்கும் வீடுகளுக்கும் என்ன நேரும்? துகளியற்பியல் இதற்கு விடை தராது. பாறையியல், நீரியல், காட்டுயிர் பற்றிய அறிவு ஆகியவை இதற்குத் தேவை. நியூட்ரினோ தீங்கற்றது என்பதை ஆயிரம் முறை மெய்ப்பித்தாலும் கிணற்றைப் பற்றிய வினா கிணற்றிலேயே கிடக்கும்.

இங்கே முனாளராவின் இன்னொரு விதி துணைக்கு வருகிறது. ஒன்றை உறுதியாகக் கூறுபவர் 'முத்தஈ', அதாவது வாதி. சான்று கொணரும் கடமை அவருக்குரியது. 'ஸாயில்' எனப்படும் வினவுபவர் சான்று தருமாறு கேட்டாலே போதும். தாம் எதையும் நிறுவ வேண்டியதில்லை. மலையைக் குடைவதால் தீங்கில்லை என்று கூறுபவர் இங்கே வாதி. தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்ட திராட்சை வியாபாரி வினவுபவர். அவரிடம், "தீங்கு வரும் என்று நீ மெய்ப்பி" என்று சொல்வது முறையாகாது.

ஆனால் இவ்விதி இருபுறமும் கூர்மையுடையது. வாதி தம் சான்றைக் கூறுமுன்பே, வினவுபவர் தம் இடத்தை விட்டெழுந்து, எதிர்மறையைத் தாமே நிறுவப் புகுவதை 'கஸ்பு' என்பர். பிறர் இருக்கையைப் பறித்துக்கொள்ளுதல் என்பது அதன் பொருள். "நியூட்ரினோ பயிரைக் கருக்கிவிடும்" என்று உரைப்பவர் வினவுபவராக இருந்த தகுதியை இழந்து தாமே வாதியாகிறார். இனிச் சான்று அவரிடம் கேட்கப்படும். அன்று மேடைகளில் பேசியோர் சிலர் செய்த தவறு இது. நேர்மையான வினாவைக் கையில் வைத்திருந்தவர்கள், அதனை விட்டுவிட்டு நிறுவ இயலாத அச்சத்தைக் கையில் எடுத்தனர். கிணற்றைப் பற்றிய வினா அந்த ஆரவாரத்தில் அமிழ்ந்துபோயிற்று.

இளைஞர் இரண்டாம் வினாவைத் தம் ஆசிரியர்களிடம் கொண்டு சென்று ஒரு வாரத்துக்குப் பின் திரும்பினார். அம்மலை சார்னோக்கைட் என்னும் கெட்டியான பாறையாலானது. வெடிகள் அளவோடும் கட்டுப்பாட்டோடும் வைக்கப்படும். இவை ஆய்வாளர் தரப்பின் விளக்கம் என்றார். முதியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சொல்றவங்க எழுதிக் குடுப்பாங்களா?" என்றார். இளைஞரிடம் அதற்கு விடையில்லை.

அதுவே மூன்றாம் வினா: முடிவு செய்பவர் யார்? நம்பிக்கை எங்கிருந்து வரும்? இது நீதியைச் சார்ந்த வினா. அணுசக்தித் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் திட்டத்துக்குப் பொருளுதவி செய்தன. அணு என்ற சொல்லைக் கேட்டதும் கழிவைக் கொண்டுவந்து மலைக்குள் புதைப்பார்களோ என்று ஊரார் அஞ்சினர். கூடங்குளத்துப் போராட்டம் மக்கள் நினைவில் பசுமையாக இருந்த காலம் அது. அவ்வச்சத்துக்கு இத்திட்டத்தில் இடமில்லை என்பது உண்மை. எனினும் அச்சம் முளைத்த நிலத்தை அறியாமல் அச்சத்தை மட்டும் நகைப்பது அறிவுடைமையாகாது. எளியவர்க்கு அவர்தம் மொழியில், அவர்தம் திண்ணையில் அமர்ந்து, தொடக்கத்திலேயே விளக்கியிருக்க வேண்டிய செய்தி, எதிர்ப்பு எழுந்த பிறகு விளக்கப்படுமாயின் அது சமாதானம் கூறுவதுபோலவே ஒலிக்கும்.

பின்னர் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறுவோம். கேரள எல்லையிலுள்ள மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருப்பது வழக்குகளில் முதன்மை பெற்றது. 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018 மார்ச்சில் மத்திய அரசு மீண்டும் அனுமதி வழங்கியது. காட்டுயிர் வாரியத்தின் இசைவும் வேண்டும் என்று தீர்ப்பாயம் அவ்வாண்டு நவம்பரில் கூறியது. 2022 பிப்ரவரியில், புலிகள் நடமாடும் வழித்தடத்தைச் சுட்டி, இத்திட்டம் வேண்டாம் என்று தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. இவற்றுள் எங்கேனும் நியூட்ரினோ தீயது என்னும் காரணம் முன் நின்றதா என்று பாருங்கள். இல்லை. காடும், புலியும், அனுமதி பெறும் முறையுமே முன் நின்றன. வழக்கு முழுவதும் இரண்டாம், மூன்றாம் வினாக்களில் நடந்தது. தெருக்களில் வாதம் முதல் வினாவிலேயே நின்றது.

இதனால் நேர்ந்த இழப்பு இரு தரப்புக்கும் உரியது. நியூட்ரினோக்கள் ஒரு வகையிலிருந்து மற்றொரு வகைக்கு மாறுகின்றன, எனவே அவற்றுக்கு நிறை உண்டு என்று காட்டிய கஜிட்டா, மெக்டொனால்ட் இருவருக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் நம் பிள்ளைகள் அத்துகளின் பெயரை அணுகுண்டோடு சேர்த்துக் கேட்டனர். மதுரையிலேயே இத்திட்டத்தாரின் 85 டன் எடையுள்ள சிறு மாதிரிக் கருவி 2018இல் இயங்கத் தொடங்கி மியூவான்களைப் பதிவு செய்தது. அதைப் பற்றி ஆர்வத்தோடு பேசிய தேநீர்க் கடை ஒன்றையும் நாம் காணவில்லை. மறுபுறம், ஊராரின் நியாயமான வினாவோ அறியாமை என்னும் ஒரே சொல்லால் ஒதுக்கப்பட்டது. ஒருவர் அறிவை இழந்தார். மற்றவர் மரியாதையை இழந்தார்.

முன்னோர் இதனை எவ்வாறு கையாண்டனர்? சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், குவாரிஸ்மைச் சேர்ந்த அல்பிரூனி, புகாராவிலிருந்த இளைஞர் இப்னு சீனாவுக்குப் பதினெட்டு வினாக்களை எழுதியனுப்பினார். பத்து வினாக்கள் அரிஸ்டாட்டிலின் வானியற் கருத்துகளைப் பற்றியவை. எட்டு அவர் தாமே எண்ணியவை. பனிக்கட்டி நீரில் மிதப்பது ஏன் என்பது அவற்றுள் ஒன்று. குளிர்ச்சியால் பொருள் சுருங்குமெனில், நீர் உறையும்போது குப்பி உடைவது எவ்வாறு என்பது மற்றொன்று. உறையும் நீர் ஏறத்தாழ 9 விழுக்காடு விரிகிறது என்பதை இன்று பள்ளிச் சிறுவரும் அறிவர். அன்றோ அது மேதைகளையே மயக்கிய புதிர். இப்னு சீனா விடையளித்தார். அல்பிரூனி நிறைவடையாமல் மறுத்தெழுதினார். இப்னு சீனாவுக்காக அவர் மாணவர் மஃஸூமி மீண்டும் விடை வரைந்தார். அம்மடல்களில் சூடு உண்டு, கடுஞ்சொல்லும் உண்டு. எனினும் ஒவ்வொரு வினாவும் தனித்து எண்ணிடப்பட்டிருந்தது. குப்பியைப் பற்றிக் கேட்டதற்கு விண்மீனைப் பற்றிய விடை வரவில்லை. ஆகவேதான் ஆயிரம் ஆண்டு கழிந்தும் அவற்றை ஓதிப் பயன் பெறுகிறோம்.

நம் இல்லங்களில் இம்முறையைப் பழக்குவது கடினமன்று. அறிவியல் செய்தியொன்று வீட்டில் பேச்சாக எழும்போது, பெற்றோர் முதலில் பிள்ளைகளிடம், "நாம் வினவுவது எதைப் பற்றி?" என்று கேட்கட்டும். வினா இரண்டானால் இரண்டாகவே எழுதட்டும். உறுதி கூறியவரிடம் சான்று கேட்கட்டும். வினவியவரை அறியாதவர் என்று இகழாதிருக்கட்டும். விடை தெரியாதவிடத்து, தெரியாது என்று சொல்லவும் பழகட்டும். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் 48 வினாக்கள் கேட்கப்பட, அவற்றுள் 32க்கு 'அறியேன்' என்றே அவர்கள் விடையளித்ததாக அறிஞர்கள் அறிவிக்கின்றனர். அத்தகைய இமாமுக்கே அச்சொல் இழுக்காகவில்லை எனில், பிள்ளைகள் முன் அதனை உரைக்க நாம் கூசுவது எதற்காக?

பொட்டிப்புரத்து மலை குடையப்படவில்லை. கிணறுகளைப் பற்றிய வினாவுக்கு எழுத்தில் விடை தந்தவர் எவரையும் அம்முதியவர் கண்டதில்லை. நியூட்ரினோக்கள் மட்டும் எவருடைய அனுமதியையும் வேண்டாமல் அம்மலையையும் நம்மையும் கடந்து சென்றுகொண்டிருக்கின்றன. மீண்டும் இப்படியொரு வினா நம் வாசலுக்கு வரும். இனி வருவது நீரைப் பற்றியதோ, மருந்தைப் பற்றியதோ, விண்ணைப் பற்றியதோ அறியோம். அன்று தேநீர் ஆறுமுன் எழுந்து போகாமல், எதைப் பற்றி வாதிடுகிறோம் என்று கேட்டு அமரும் நால்வர் ஒவ்வொரு தெருவிலும் இருப்பாராக.